பித்தளைச் சுவிட்சும் மாமியின் செருப்பும்

2025 ஏப்ரல் 26, சனி. காலை 10.40. பித்தளைச் சுவிட்சுகள்: பதினொன்று.

வீடு முழுக்க நடந்து எண்ணி முடித்தேன். கழற்றி எறியத்தான். மவுண்ட் ஆல்பர்ட்டில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மரவீட்டை வாங்கினால் இதுதான் கதி. ஒவ்வொன்றும் கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம் மாதிரி, நடுவில் ஒரு குமிழ். தட்டினால் 'டொக்'. அந்தச் சத்தத்துக்காகவே கம்சாயினிக்கு வீடு பிடித்தது. வாங்க முன் பார்க்க வந்த அன்று நான் தரைக்கடியில் டோர்ச்சோடு தவழ்ந்துகொண்டிருக்க, என் மனைவி மேலே சுவிட்சைப் போட்டும் நிப்பாட்டியும் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் போடப்போறன்."

"கை வைச்சுப் பாருங்கோ."

ஆறு மாத வயிற்றோடு வாசலை மறித்து நிற்கிறவளை யார் தாண்டுவது?

சரி, லைட் வயரிங் பிறகு. பிளக் பொயின்டுகள் எல்லாம் புதியவை. அவற்றுக்கு ஆர்.சி.டி. இருக்கிறது, கரண்ட் ஒழுகினால் கண் இமைக்க முன் வெட்டிவிடுகிற பெட்டி. எலெக்ட்ரிஷியன் நான், நானே சோதித்தேன். கம்சியின் அம்மா மார்ச்சில் எங்களோடு இருக்க வந்தபோதே சொல்லிவிட்டேன்: "வீடு சேஃப் மாமி. நான் பாத்திட்டன்."

"நீங்கள் பாத்தாச் சரிதானே தம்பி" என்றா. மாமி எதற்கும் இதைத்தான் சொல்லுவா.

ஏப்ரல் 30, புதன்

மாமி வீட்டுக்குள் ரப்பர் செருப்புப் போடுகிறா!

போன மாதம் தண்ணிக்குழாய் திருத்த வந்த வெள்ளைக்காரனை வாசலில் நிறுத்தி, சப்பாத்தைக் கழற்ற வைத்து, ஓட்டைச் சொக்ஸோடு உள்ளே விட்டவ. இன்று சமைக்கிற குசினிக்குள் டப்பு டப்பென்று நடக்கிறா.

"என்ன மாமி, செருப்போட?"

"கால் குளிருது தம்பி."

குளிர்தான், இந்த நாட்டில் இது குளிர்காலத் தொடக்கம். ஆனால் பழைய மரத்தரை அப்படியொன்றும் ஐஸ் இல்லையே.

மே 3, சனி

செம்மறித்தோல் செருப்பு ஒன்று வாங்கிவந்து கொடுத்தேன். உள்ளுக்குள் நல்ல கம்பளி. "ஐயோ, என்னத்துக்கு தம்பி வீண் செலவு" என்று கண்ணெல்லாம் சிரித்து வாங்கினா. தடவிப் பார்த்தா. பெட்டியோடு அலுமாரியில் வைத்தா. பிறகு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி போடப் போனா.

எனக்கு விளங்கவில்லை. விளங்காதவை எனக்கு எரிச்சல்.

மே 5, திங்கள்

மாமி வைத்த தேங்காய்ப்பால் சொதி கொஞ்சம் உப்பு என்று சொன்னேன். கம்சி மேசைக்கடியில் காலால் உதைத்தாள். உப்பென்றால் உப்புத்தானே?

மே 8, வியாழன்

மாமி நகரத்தின் மற்றக் கரைக்கு, பிளாட் புஷ்ஷுக்குப் போகப்போகிறாவாம். கம்சியின் அண்ணன் ஜனார்த்தன் வீட்டுக்கு. வருகிற கிழமையே. "அங்க கோயில் கிட்ட, வீடும் புதுசு. பிள்ளை பிறக்கேக்க வருவன்தானே" என்றா, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து.

கம்சி அறைக்குள் போய் அழுதாள். வெளியே வந்து, "நீங்கள் என்ன சொன்னீங்கள் அம்மாவுக்கு?"

"ஒண்டும் சொல்லேல்ல!"

"சொதி?"

சொதிக்காக ஒரு மனுஷி வீடு மாறுவாவா? நான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன், தெரியும். ஆனால் மாமியிடம் அளந்துதான் கதைப்பேன். எனக்கு அவவைப் பிடிக்கும். இதை எங்கேயும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு நான் வேலைக்குப் புறப்படும்போது, பேசாமல் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை என் வேலை வானின் முன் சீட்டில் வைத்துவிட்டுப் போவா. என்னோடு வேலை செய்கிற வெற்றி அந்தப் பெட்டிக்காகவே என் வானில் ஏறுகிறான்.

மாமி போனால் கம்சி பகலில் தனிய. எனக்கும் வீடு வீடாக இராது.

மே 9, வெள்ளி

பற்றரி லாம்பு வெளிச்சத்தில எழுதுறன்.

வேலை செய்யிற இடத்தில, ஆல்பனியில, மழை, வேலை நிப்பாட்டினாங்கள், நேரத்தோட வந்திட்டன். பின்பக்கத்தால உள்ள போனன். உடுப்புத் தோய்க்கிற அறை, வீட்டிலேயே அதுக்கு மட்டும்தான் சீமெந்துத் தரை. மாமி உள்ளுக்கு நிக்கிறா. என்னைக் காணேல்ல. துவாயில கையை நல்லாத் துடைச்சா. செருப்பைச் சரியாக் கொழுவினா. அகப்பையைத் தலைகீழாப் பிடிச்சு, எட்ட நிண்டு, மரக்காம்பால சுவிட்சைத் தட்டினா. பாம்பைத் தட்டுற மாதிரி.

டொக். லைட் எரிஞ்சுது.

அப்பதான் விளங்கிச்சு. செருப்பு. சுவர். பிளாட் புஷ். எல்லாம்.

மீட்டரை எடுத்து ஒரு முனையைப் பித்தளையில, மற்றதைத் தண்ணிக்குழாயில வைச்சன். இருநூறு வோல்ட்டுக்குக் கிட்ட. வெறுங்காலோட, ஈரக்கையோட இந்தத் தரையில நிண்டு தொட்டிருந்தா —

எழுத ஏலாது.

கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். "எவ்வளவு நாளா மாமி? ஏன் சொல்லேல்ல? செத்துப் போயிருப்பீங்கள்!"

மாமி அகப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தா.

"சின்னக் கடிதான் தம்பி. எறும்பு மாதிரி. இந்த அறையிலதான் ஒருக்காக் கொஞ்சம் உதறிச்சு."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் பாத்துச் சரி எண்டனீங்கள். பிறகு நான் பிழை எண்டு சொன்னா, மருமோன்ர தொழிலை மாமி குறை சொன்ன மாதிரியெல்லோ? கம்சிக்குச் சொன்னா அவள் உங்களோட சண்டை பிடிப்பாள். வயித்தில பிள்ளையோட."

அதனால்தான் ஓசைப்படாமல் மகன் வீட்டுக்குப் போய்விட முடிவெடுத்தாவாம். என் பெயர் கெடாமல்.

இன்னொன்றும் வெளிவந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாமி விளக்கு மினுக்குகிற புளியால் சுவிட்சுகளையும் மினுக்கியிருக்கிறா. புளித்தண்ணி, உப்பு, ஈரத்துணி, எல்லாம் மூடிக்குள் போயிருக்கிறது! "ஆராவது சுவிட்சுக்குப் புளி போடுவினமா மாமி?" என்று அதற்கும் கத்தினேன். "என்ர பிழைதான் தம்பி" என்றா.

லைட்டுக்கான மெயினை நிப்பாட்டிவிட்டேன். கூடாரத்துக்குக் கொண்டுபோகிற பற்றரி லாம்பு மூன்று இருக்கிறது. இனி அதுதான் வெளிச்சம்.

மே 10, சனி

பதினொன்றையும் திறந்தேன்.

இந்த வீட்டுக்கு முதல் முதல் லைட் போட்டவன் மடையன் இல்லை. வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டிருக்கிறான். பித்தளை மூடி குழாயைத் தொடுகிறது, குழாய் மண்ணுக்குப் போகிறது. வயர் எங்காவது மூடியில் பட்டால் கரண்ட் குழாய் வழியே மண்ணுக்கு ஓடும், ஃபியூஸ் எரியும், ஆள் தப்புவார். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய காரியம். முடிச்சுகள்கூட அழகு.

பிழை கூரைக்குள். பிற்காலத்தில் யாரோ குளியலறை பெருப்பிக்கும்போது, குழாயில் ஒரு முழத்தை வெட்டிப் பிளாஸ்டிக் குழாய் செருகியிருக்கிறான். அந்த இடத்தில் மண்ணுக்குப் போகிற பாதை அறுந்தது. அதற்கு இங்காலுள்ள பித்தளை எல்லாம் அனாதை. ஃபியூஸ் எரியாது, ஒன்றும் வெட்டாது. தொடுகிற ஆள்தான் மண்ணுக்குப் போகிற எர்த் வயர்.

வயரின் ரப்பர் உறை விரல் பட்டதும் மொறுமொறுவென்று உதிர்ந்தது, கருகின பப்படம் மாதிரி.

மீட்டரை வைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பிடித்திருப்பேன். லைட்டுகளைச் சோதிக்காமல் "வீடு சேஃப்" என்றேன். புளி வேகப்படுத்தியது, அவ்வளவுதான். புளி இல்லாவிட்டாலும் ஒருநாள் நடந்திருக்கும்.

இதை மாமியிடம் சொல்லவேணும். சொதி உப்பென்று சொல்லுவது எவ்வளவு லேசாக இருந்தது!

மே 11, ஞாயிறு

அன்னையர் தினமாம். ஜனா ஒரு பெரிய பூங்கொத்தோடு வந்து போனான். நான் கூரைத்தூசியோடு போய் மாமிக்கு முன்னால் நின்றேன்.

"மாமி, புளி இல்லை. நான்தான். லைட்டைப் பாக்காமலே பாத்தன் எண்டு சொன்னனான்."

மாமி பூவைத் தண்ணியில் வைத்துக்கொண்டிருந்தா. திரும்பவில்லை. "ஆருக்கும் நடக்கிறதுதானே தம்பி."

"இல்லை மாமி. என்ர தொழிலில ஆருக்கும் நடக்கக்கூடாது."

கடைசிப் பூவையும் செருகிவிட்டுத் திரும்பினா. பிறகு, "மூக்கில ஒட்டடை. துடையுங்கோ" என்றா.

பிளாஸ்டிக் சுவிட்சுகள் வாங்கப் புறப்பட்டேன். "அதுதான் நல்லது தம்பி, உங்கட விருப்பம்" என்றா மாமி. வான் வரைக்கும் கம்சி பின்னால் வந்தாள்.

"கௌசி, உங்களுக்குக் கண் தெரியாதா? அம்மாவுக்கு உந்தச் சுவிட்சுகள் உயிர். வெள்ளிக்கிழமையில மினுக்க இந்த வீட்டில வேற என்ன இருக்கு? சாமி விளக்கு ஒண்டு, அஞ்சு நிமிஷத்தில முடிஞ்சிடும். அவ இந்த வீட்டில தன்ர எண்டு தொட்டது உது ஒண்டுதான்."

வானைத் திருப்பிவிட்டேன். கடைக்குப் போகவில்லை.

மே 17, சனி

கிழமை முழுக்க வேலை முடிந்து வந்து கூரைக்குள். பழைய வயர் எல்லாவற்றையும் இழுத்து எறிந்தாயிற்று. புது வயர், ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி எர்த். குழாயை நம்பமாட்டேன். உள்ளே இருந்த பீங்கான் பாகங்களும் குப்பைக்கு. புது உள்பாகம், அதற்குமேல் பழைய பித்தளை மூடி, மூடிக்குப் பின்னால் ஒரு எர்த் ஸ்க்ரூ. இப்போது பித்தளையைப் பற்றி எரிச்சல் இல்லை. பாதுகாப்பென்றால் அசிங்கமாக இருக்கவேணும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

தோய்க்கிற அறைக்கு மட்டும் பிளாஸ்டிக். அதில் கதைக்கு இடமில்லை என்று சொன்னேன். மாமி தலையாட்டினா.

பற்றரி லாம்பு வெளிச்சத்தில் புட்டும் மீன்குழம்பும். கம்சி சிரிக்கிறாள், காம்பிங் மாதிரி இருக்காம். மாமி பிளாட் புஷ் பற்றிக் கதைக்கவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குப் பயம்.

மே 24, சனி

நான் செய்ததை நானே பாஸ் பண்ணமாட்டேன் என்று வெற்றியைக் கூப்பிட்டேன். மதுரைக்காரன், என்னைவிடப் பொல்லாத கண். பதினொன்றையும் திறந்து பார்த்தான். படுக்கையறையில் ஒரு ஸ்க்ரூ தளர்வு என்று பிடித்தான். எனக்குக் கோபம் வரவில்லை, அதிசயம்.

"ஏன் ப்ரோ, உங்க மாமியார் ஷாக் அடிச்சும் சொல்லலையா? பயமா, மரியாதையா?"

"மரியாதை."

"அது பயத்த விட டேஞ்சர் ப்ரோ. எங்க வீட்டுல மாமியார் வாயத் திறந்தா ஊரே ட்ரிப் ஆகும்."

லைட்டுகளுக்கும் ஆர்.சி.டி. போட்டாயிற்று. சோதிக்கிற பொத்தானை மாமியை அழுத்தச் சொன்னேன். வெறுங்காலோடு வந்தா! ஒரு விரலால் தொட்டும் தொடாமலும் அழுத்தினா. 'டிக்', வீடு முழுக்க லைட் செத்தது. "ஐயோ, உடைச்சுப்போட்டன்!"

"இல்லை மாமி. அது உங்களைக் காப்பாத்தினது."

திரும்பப் போட்டுக் காட்டினேன். இன்னொருதரம் அழுத்தினா. பிறகு இன்னொருதரம். வெற்றி சாப்பிட்டுக்கொண்டே இருட்டில் கத்தினான்: "அம்மா, மீன் முள்ளு இருக்கும்மா, லைட்டப் போடுங்க!"

மே 30, வெள்ளி

மாமி பித்தளை மினுக்கினா. காய்ந்த துணியால். எலுமிச்சையும் இல்லை, புளியும் இல்லை. கூடத்துச் சுவிட்சில் நீண்ட நேரம் நின்றா, தலையைச் சரித்து என்னவோ பார்த்தா. "என்ன மாமி?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றா.

ஒன்றுமில்லையா? அந்த வார்த்தையை இனி நான் நம்புவதாயில்லை.

ஜூன் 1, ஞாயிறு

காலை. தோசை. மாமி மூன்றாவதைத் தட்டில் போட்டுவிட்டு, கரண்டியோடு அப்படியே நின்றா.

"தம்பி, ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டீங்களே?"

நான் வாயைத் திறக்க முன்னமே தொடங்கிவிட்டா. "கூடத்துச் சுவிட்ச் சரிவு. வந்த நாளில இருந்து குசினி லைட் எனக்குப் பின்னால, என்ர நிழலுக்குள்ளதான் வெங்காயம் வெட்டுறன். உந்தக் குளியலறை ஃபேன் என்ன, பிளேனே? மனுசர் படுக்கிறேல்லையா? எலெக்ட்ரிஷியன் வீடாம்!"

கம்சி தேத்தண்ணி புரையேறி இருமினாள். கோபமா? எனக்கா? சுவிட்சில் மட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் சரிவு. எழுந்துபோய் மாமியைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. மருமகன் அப்படிச் செய்கிற வழக்கமில்லை. நாலாவது தோசை கேட்டேன்.

செய்யவேண்டியவை:

1. கூடத்துச் சுவிட்சை நிமிர்த்துவது. இன்றே.

2. குசினி லைட்டை வெட்டுகிற பலகைக்கு நேர் மேலே மாற்றுவது. மாமியை அந்த இடத்தில் நிற்கவைத்துப் பார்த்துத்தான் துளை போடுவது.

3. குளியலறை ஃபேன், புதுசு.

4. பிள்ளையின் அறைச் சுவிட்சைப் பதிவாக இறக்குவது. "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முழங்கையால போட ஏலவேணும்" என்றா மாமி. அவவின் முழங்கையையும் கம்சியின் முழங்கையையும் அளந்து, நடுவில்.

5. சனிக்கிழமை பிளாட் புஷ். ஜனா வீட்டில் கிடக்கிற மாமியின் கிரைண்டரை ஏற்றிவருவது. "இனி இஞ்சதானே அரைக்கப்போறன்." கொழும்பில் வாங்கியது, ஈரக்கை பட்டால் கொஞ்சம் கடிக்குமாம். நான் கேட்க முதலே மாமிதான் சொன்னா. பிளக்கில் போட முன் திறந்து பார்ப்பது.