மாடியை விட்டு இறங்காத ஸ்டாண்டு

ஷாலினி அப்பாவுக்கு,

எழுப்ப மனசு வரவில்லை. மாஹிமுக்குச் சமையல் வேலைக்குப் போகிறேன். குக்கரில் சோறு, சட்டியில் நெத்திலிக் குழம்பு. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுப் பூமாரியிடம் கொடுங்கள்.

நேற்று நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"மாடிக்கு ஏணி ஏறுற ஓட்டைய அளந்தீங்களா?"

"இரும்போடயே கெடக்கவன்ட்ட நீ அளவு கேக்கியாக்கும்?"

குர்லா கடையில் நீங்கள் வேலை பார்க்க சேட் தருவதாகச் சொன்ன மூலையைத்தான் அளந்தீர்கள். பங்கார் கடைப் பழைய இரும்பில் பொறுக்கிய கட்டில் சட்டங்களை நம் மாடியிலேயே வைத்து வெல்டிங் அடித்தீர்கள். டூல் ஸ்டாண்டு ஜோராக நிற்கிறது. ஏணி ஓட்டை வழியாக இறங்கத்தான் மாட்டேன் என்கிறது. நான் சிரித்திருக்கக் கூடாது.

எழுந்ததும் ஸ்டாண்டை அறுத்து இறக்க பிளேடு தேடுவீர்கள். தேட வேண்டாம்.

நீங்கள் தூங்கும்போது சேட் போன் செய்தார்.

"மாவ்ஷி, அந்த மூலைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

"இன்னிக்கு எப்படியும் ஸ்டாண்டக் கொண்டாந்திருவாவ, சேட்."

"அவருக்கு வயசாச்சே மாவ்ஷி, வீட்ல இருக்கச் சொல்லுங்க."

வேறு எந்தக் கடையில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியவில்லை.

மாத்திரையைச் சாப்பிடுங்கள்.

ஸ்டாண்டை அறுக்காதீர்கள். அது ஒன்றாவது முழுசாக இருக்கட்டும்.