குழாய்க்குக் கோணம் தெரியாது

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அத்தைக்கு முழங்காலில்தான் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உன் புருஷன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். நீ கேட்டால் மட்டும் பசியே இல்லை என்பான், நம்பாதே. போனில் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். 'நல்லா இருக்கியாம்மா' என்று ஆரம்பிப்பதற்குள் உன் அத்தை பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். அவன் போட்டோ எடுத்து அனுப்புவான்.

பட்டறைச் செய்தி ஒன்று உண்டு. புது நூலகத்தின் நடுக்கூடத்தில் வளைந்து ஏறும் படிக்கட்டுக்குக் கைப்பிடி போடும் வேலை நமக்கு வந்திருக்கிறது. மூன்று பட்டறைக்காரர்கள் பார்த்துவிட்டுக் கைகழுவிய வேலை. நான் மார்தட்டிக்கொண்டு வாங்கினேன். முப்பது வருஷமாக வளைந்த படிக்கட்டுக்குக் கைப்பிடி போடுகிறவன் வேண்டாம் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

நம் முறை உனக்குத் தெரியும். ஒவ்வொரு படியிலும் நிற்கும் கம்பியின் தலை, கைப்பிடிக் குழாயின் அடியில் உள்ள துளைக்குள் போய் உட்கார வேண்டும். குழாய் நேராக இருக்கும்போதே துளைகளைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் வளைப்போம். வளைத்த குழாயில் போட்டால் டிரில் வழுக்கும், துளை கோணலாகும். மொத்த நீளத்தைப் படிகளின் எண்ணிக்கையால் சமமாகப் பிரிப்பேன். இன்றுவரை ஒரு துளை தப்பியதில்லை.

இந்தப் படிக்கட்டு மேலே ஒடுங்கி, கீழே வரவர அகலமாக விரிகிறது. இருபத்து நான்கு படிகள், தலையில் ஒன்றும் படிக்கு ஒன்றுமாக இருபத்தைந்து கம்பிகள். படிகள் எல்லாம் ஒரே உயரம், எல்லாம் ஒரே அளவு திரும்புகின்றன. கைப்பிடியின் மொத்த நீளம் பத்து மீட்டர் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று வரைபடத்திலேயே இருந்தது. படிக்கு நாற்பத்து மூன்று சென்டிமீட்டரும் கொஞ்சமும் என்று பிரித்தேன். நம் பட்டறைப் பையன் நெட்டையன் துளை போட்டான், நானே நின்று வளைத்தேன். எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு போய்க் கம்பிகளின் மேல் வைத்தோம்.

தலைத் துளை பொருந்தியது, கால் துளையும் பொருந்தியது. நடுவில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. தலைக்கு அடுத்த கம்பி முப்பது சென்டிமீட்டரில் நிற்கிறது, என் துளை நாற்பத்து மூன்றில் இருக்கிறது. நடுப்படியில் எண்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. கட்டடத்தை வடிவமைத்த அம்மா துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தத் தடிமனில் இன்னும் ஒரே ஒரு குழாய்தான் கையில் இருக்கிறது. வேறு வரவழைக்க இரண்டு மாதம் ஆகும். திறப்பு விழா இருபதாம் தேதி. இதுவும் போனால் இந்த ஊரில் எனக்கு யாரும் படிக்கட்டு கொடுக்க மாட்டார்கள்.

உனக்குக் கணக்கு தெரியும் என்பதற்காக இதை எழுதவில்லை. செய்திக்காக எழுதுகிறேன். படிக்கட்டின் அளவுகள் பின்பக்கத்தில் இருக்கின்றன, வரைபடத்தையும் கூட வைக்கிறேன், சும்மாதான்.

இன்னொன்று. அடுத்த மாதம் பதினைந்தோடு ஒரு வருஷம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருந்தால்தான் ஆராய்ச்சிப் பட்டம் என்று உன் பேராசிரியர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் என்று சொல்லித்தான் போனாய். பேச்சு பேச்சாக இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் அதிகம் என்று உன் அத்தை கவலைப்படுகிறாள்.

இப்படிக்கு,
உன் மாமா

---

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவதை உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கிழிக்கவிடாமல் காவல் காக்கிறாள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், குறுக்கே சிரிக்காதே.

நீ அனுப்பிய இரண்டு தாளையும் உன் புருஷன் அச்செடுத்துக்கொண்டு வந்தான். முதல் தாளின் தலைப்பில் நீ எழுதியிருந்ததை அவன் பட்டறையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான். 'மாமா, குழாய்க்குக் கோணம் தெரியாது, படியும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது நீளம் மட்டும்தான்.' நெட்டையன் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு நீ எழுதியிருந்ததை மெதுவாகப் படித்தேன். ஒரே வட்டத்தில் ஏறும் படிக்கட்டில் படிக்குப் படி ஒரே நீளம் வரும், அதனால் முப்பது வருஷம் சமமாகப் பிரித்தது சரியாகவே இருந்தது என்று எழுதியிருந்தாய். இங்கே வட்டமே விரிகிறது. கைப்பிடியின் மேல் ஒருவன் நடந்தால், படிக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டாலும், மேலே மெதுவாகப் போவான், கீழே ஓட வேண்டியிருக்கும். அவன் ஒவ்வொரு இடத்திலும் போகிற வேகத்தை மேலிருந்து ஒன்றோடொன்று கூட்டல் போட்டுக்கொண்டே வந்தால்தான் நடந்த தூரம் கிடைக்கும். அதற்கு வில்நீளம் என்று பெயர் போட்டிருந்தாய். கூட்டுகிற முறை எனக்குப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விஷயம் புரிந்தது. நான் படியை எண்ணிவிட்டு நீளத்தை எண்ணியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரிந்ததும் ஒத்துக்கொண்டேனா என்றால் இல்லை. உன் மாமா அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்கிற ஆளா? 'இதுக்கு எதுக்குடா இவ்வளவு கணக்கு, ஒரு நூல் போதும்' என்று சொல்லி நூலகத்துக்குப் போனேன். மேல் கம்பியில் நூலைக் கட்டி, கம்பி கம்பியாக இழுத்துக்கொண்டே கீழே வந்து, ஒவ்வொரு கம்பி வரும் இடத்திலும் நூலில் மையால் குறி வைத்தேன். அந்த நூலைப் புதுக் குழாயின் மேல் நீட்டி, சிவப்புச் சாக்பீஸால் குறித்தேன். உன் புருஷன் உன் தாளில் இருந்த துளைப் பட்டியலை வைத்துப் பக்கத்தில் வெள்ளையால் குறித்துக்கொண்டு வந்தான். மேலே இரண்டும் ஒன்றாகத்தான் தொடங்கின. வரவரப் பிரிந்தன. கடைசியில் வெள்ளைக்கு இரண்டரை சென்டிமீட்டர் முன்னாலேயே சிவப்பு நின்றுவிட்டது.

'நூல் பொய் சொல்லுமாடா?' என்று கேட்டேன். 'அவ கணக்கு தப்பாதுப்பா' என்றான். அவன் என்னை எதிர்த்துப் பேசியதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

அப்போதுதான் அவன் உனக்குப் போன் போட்டான். நீ வகுப்புக்குப் போகிற வழியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாயாம். கெட்டுப்போன பழைய குழாயின் தலையும் காலும் சரியாகப் பொருந்தினதுதானே, அதன் நீளத்தையும் நூலின் நீளத்தையும் மாமா ஒப்பிட்டுப் பார்த்தாரா என்று. நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய், மூலையில் கிடந்த அந்தக் குழாயின் முதுகோடு ஒட்டி ஒட்டி அளந்தேன். பத்து முப்பத்தெட்டு. நூல் இரண்டரை சென்டிமீட்டர் குறைச்சல். நூல் கம்பிக்குக் கம்பி நேராகப் போகிறது, குழாய் வெளியே புடைத்துக்கொண்டு போகிறது. படிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் திருடுகிறது, ஆனால் இருபத்து நான்கு தடவை திருடுகிறது. அது தெரியாமல் நான் நூலுக்குப் பரிந்து பேசிக்கொண்டிருந்தேன்.

சிவப்பை நானே துணியால் அழித்தேன். டிரில்லை நெட்டையனிடமிருந்து வாங்கி இருபத்தைந்து துளைகளையும் என் கையாலேயே போட்டேன். தப்பினால் என் கையால் தப்பியதாக இருக்கட்டும், உன் கணக்கின் மேல் யாரும் பழி போடக் கூடாது என்று நினைத்தேன்.

குழாயை வளைத்து, செவ்வாய்க்கிழமை கைப்பிடியை ஏற்றினோம். மேலிருந்து ஒவ்வொரு கம்பியாக உட்கார்ந்தது. பத்தாவது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண முடியவில்லை, கண் மங்கிவிட்டது. வெல்டிங் புகை என்று சொன்னேன். அன்று யாரும் வெல்டிங் செய்யவில்லை. இருபத்தைந்தாவது கம்பி உள்ளே போனபோது நெட்டையன் போட்ட சத்தத்தில் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள்.

இன்னும் இருக்கிறது, கேள். மறுநாள் மின்வேலைக்காரர் வந்தார். கைப்பிடியின் அடியில் மீட்டருக்கு ஒரு சின்ன விளக்கு வைக்க வேண்டுமாம், எந்தெந்தப் படியில் வயரை மேலே எடுப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். நான் உன் இரண்டாவது தாளை நீட்டினேன். முதல் தாளில் படியைச் சொன்னால் நீளம் வரும், இரண்டாவதில் நீளத்தைச் சொன்னால் படி வரும். மேலிருந்து ஐந்தாவது மீட்டர் பதின்மூன்றாம் படிக்கும் பதினான்காம் படிக்கும் நடுவில் என்று நானே வாசித்துச் சொன்னேன். விளக்குக்குக்கூட நாங்கள் கேட்காமலே நீ கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை நீ பார்த்திருக்கிறாய், நான் பார்க்கவில்லை.

வடிவமைத்த அம்மா வந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். இந்தக் கணக்கை யார் போட்டது என்று கேட்டார். 'எங்க மருமக' என்றேன். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ வேலையை என் வேலை என்று சொல்லி நிமிர்ந்து நின்றிருக்கிறேன். இவ்வளவு நிமிர்ந்ததில்லை. உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து பட்டறைக்கு யார் வந்தாலும் உன் தாளைக் காட்டுகிறேன். டீ கொண்டுவருபவருக்கு இரண்டு தடவை காட்டிவிட்டேன். இந்த மனுஷன் தொல்லை தாங்கவில்லை என்கிறாள் உன் அத்தை. சொல்லிவிட்டு அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட அளவெடுக்கிறாள்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டமானது. போன வருஷம் நீ கிளம்பிய அன்று நான் வழியனுப்ப வரவில்லை. மிஷின் ஓடுகிறது, நிறுத்த முடியாது என்று ஆள் விட்டுச் சொன்னேன். மிஷின் ஓடவில்லை. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு, கம்பி வளைக்கிற வீட்டில் இந்தக் கணக்கு யாருக்கு உதவும் என்று உன் காதுபடவே சொன்னவன் நான். அந்த ஒரு வருஷக் கெடுவும் நான் போட்டதுதான். உன் அத்தையும் உன் புருஷனும் போடவில்லை.

உன் பை, பெட்டி எல்லாம் கட்டியாகிவிட்டது, பதினைந்தாம் தேதிக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டாய் என்று நேற்று அவன் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. மூன்று வருஷத்து வேலையை ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக நீ திரும்பி வருகிறாய்.

அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. உறவில் யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதற்கு எனக்கு நூலும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். நூலக வேலை முடிந்ததும் உன் புருஷனை இரண்டு மாதம் உன்னிடம் அனுப்புகிறேன். பட்டறையை நானும் நெட்டையனும் பார்த்துக்கொள்வோம். உன் பேராசிரியரிடம் என் வணக்கத்தைச் சொல். எங்கள் வீட்டுப் பெண்ணை இன்னும் இரண்டு வருஷம் நன்றாக வேலை வாங்கச் சொல்.

நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். என்றைக்கு வந்தாலும் நான் வாசலில் நிற்பேன். படிப்பை முடிக்காமல் மட்டும் வந்துவிடாதே அம்மா.

இப்படிக்கு,
உன் மாமா