கஞ்சிச்சாமி சரித்திரம், நாற்பத்தோராம் பக்கம்

1902, ஆனி 4. ராஜபாளையம்.
காலையிலேயே வயிற்றெரிச்சல். கஞ்சிச்சாமியின் சீடர் சௌந்தரபாண்டியன் நான் எழுதிய சாமி சரித்திரத்தின் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நாற்பத்தோராம் பக்கம் முழுக்கக் குறுக்குக்கோடு. தாது வருஷப் பஞ்சத்தில் சாமி மடத்து அம்மனின் பொன் ஒட்டியாணத்தை விற்று ஊருக்குக் கஞ்சி ஊற்றினார், அதற்காக ஜெயிலுக்குப் போனார் என்று எழுதியிருந்தேன். கஞ்சி இருக்கலாமாம். ஒட்டியாணம் கூடாதாம்.

ஆனி 7. ஸ்ரீவில்லிபுத்தூர்.
கோர்ட்டில் பழைய தீர்ப்பின் நகல் வாங்கினேன். சாமியைப் பிடித்துக் கொடுத்த மடத்துத் தர்மகர்த்தாவையும் பார்த்தேன். இவருக்கு ஒட்டியாணம் வேண்டும், கஞ்சி வேண்டாம்.
"திருடனுக்கு என்னவே சரித்திரம்?" என்றார்.
ஒருத்தருக்குப் பாதி, இன்னொருத்தருக்கு மீதி. முழு மனுஷன் யாருக்கு வேண்டும்? முன்பு ஒரு பாதிரியின் சரித்திரம் எழுதினேன், என் வீட்டு ஓட்டின்மேல் கல் விழுந்தது. பள்ளிவாசல் ஆலிமின் சரித்திரத்துக்கு வக்கீல் நோட்டீஸ். அப்போதே பயப்படாதவன் இந்தப் பயந்தாங்கொள்ளிகளுக்கா பயப்படுவேன்? ஓர் எழுத்தைக்கூட எடுக்க மாட்டேன்.

ஆனி 8.
கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனி 15. தளவாய்புரம்.
ஒட்டியாண விஷயத்தை எனக்குச் சொன்னவள் மாடத்தி, மடத்தில் கஞ்சி காய்ச்சியவள். அவள் கைநாட்டு இருந்தால் சௌந்தரபாண்டியன் வாயை அடைத்துவிடலாம் என்று போனேன். பக்கத்தை வாசித்துக் காட்டினேன். 'நம்பிக்கையான ஓர் ஆளை அனுப்பி விற்றார்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.
"ஆளா? பானைக்குள்ள அத வச்சு, மேல கேப்பையக் கொட்டி, தலையில சொமந்துட்டுப் போனது நான்லா. அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன்லா. என்னையக் காப்பாத்தத்தான் சாமி கோர்ட்டுல எம்பேரச் சொல்லல. நீங்க ஏன் சொல்லல?"
போலீஸ் என்று இழுத்தேன்.
"வரட்டும். எழுவது வயசுக்கு மேல என்னைய எங்க கொண்டுட்டுப் போவாவ?"
போலீஸா? பொய். எழுதும்போது போலீஸ் ஞாபகமே எனக்கு இல்லை. சாமி சரித்திரத்தில் அடுப்பெரித்தவள் பேர் எதுக்கு — இதுதானே நினைச்சேன்? சீ. சௌந்தரபாண்டியன் கோடு போட்டாவது அடித்தான். நான் எழுதவே இல்லை.
கைநாட்டு கேட்காமலே வந்துவிட்டேன்.

ஆனி 19. ஸ்ரீவில்லிபுத்தூர், அச்சுக்கூடம்.
வாசலில் சௌந்தரபாண்டியனின் ஆட்கள் கத்துகிறார்கள். கத்தட்டும். நாற்பத்தோராம் பக்கம் என் கண் முன்னாலேயே அச்செழுத்தில் கோத்து முடிந்தது. 'ஒட்டியாணத்தைச் சுமந்து சென்றவள் மாடத்தி.'
மை காயாத தாளோடு தளவாய்புரத்துக்கு வண்டி பிடிக்கிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.