கிரீட்டுக்குப் போகும் கப்பலும் உன் தம்பியும்

எர்மூப்போலி, சீரோஸ் தீவு
நவம்பர் 1867

அன்பு மகன் ஸ்தமாத்திக்கு,

கடவுள் கிருபையால் இங்கே நானும் உன் தம்பி பந்தெலியும் சுகம். ஒதெஸ்ஸாவின் குளிரில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன்.

பந்தெலி போன வாரம் கிரீட்டிலிருந்து கப்பலோடு திரும்பினான். சுல்தானின் கப்பல்கள் கிரீட்டைச் சுற்றிக் காவல் நின்றும், இவன் கப்பல்காரர்கள் அங்கே அவனை எதிர்க்கும் கலகக்காரர்களுக்கு மாவும் வெடிமருந்தும் இறக்கிவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றி வந்திருக்கிறார்கள். அவர்களில் அர்கிரோ என்பவள் கைக்குழந்தையோடும் ஓர் ஆட்டோடும் இப்போது நம் வீட்டில் இருக்கிறாள். வரும் வழியில் எதிரிக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று ஆட்டின் கழுத்து மணியைக் கழற்றச் சொன்னதற்கு, வீட்டில் சாவு விழுந்தால்தான் மணியைக் கழற்றுவோம், என் புருசன் மலையில உசிரோட இருக்கான் என்று மறுத்துவிட்டாளாம். பந்தெலி மணிக்குள் பிசைந்த மாவை அடைத்திருக்கிறான். பசியில் ஒரு சின்னப் பெண் அந்தப் பச்சை மாவைத் தோண்டித் தின்றுவிட, சுல்தானின் கப்பல் அருகிலேயே மணி கிணுகிணுத்ததாம். கேப்டன், ஆட்டைத் தண்ணியில தள்ளுடா என்றாராம். அப்போ என்னையும் சேத்துத் தள்ளுங்க என்றாளாம் இவள். உன் தம்பி மணியின் நாக்கைக் கைக்குள் பொத்திக்கொண்டு விடியும்வரை ஆட்டோடு படுத்திருந்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று கிரீட்டில் ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றும்போது அலை எழும்பியதால் இரண்டாவது படகு கரையைவிட்டு நகரவே முடியவில்லை. அதில் அர்கிரோவின் மூத்த பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். கூட்டி வருகிறேன் என்று பந்தெலி வாக்குக் கொடுத்துவிட்டான். கப்பல் நாளை மறுபடி கிளம்புகிறது. தகப்பன் கையை முத்தமிடாமல் வருபவனை நம் கப்பல்காரர்கள் ஏற்றமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதனால் சில நாட்களாகக் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி அவன் கண்ணில் படாமல் நடமாடுகிறேன். உன் தானியக் கிடங்கில் அவனுக்கு வேலைக்கு ஓர் இடம் பார் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். காகிதத்தை எடுக்கும்போது அர்கிரோ வந்து, வாத்தியாரே, கை எப்பப் பாத்தாலும் பையிலயே இருக்கே, குளிரா பயமா என்று கேட்டாள். பயம்தான் அம்மா என்றேன். எனக்குந்தான் என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நான் செய்யப்போவது சரியா என்று இன்னமும் தெளிவில்லை. ஆனாலும் இடம் பார்க்க வேண்டாம். காலையில் துறைக்குப் போய் அவனிடம் கையை நீட்டுவேன். உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்கமாட்டேன் என்றுதான் இன்றே எழுதி அனுப்புகிறேன்.

நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ. மேலே இருக்கும் உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உங்கள் மூவருக்கும் உண்டு. கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது பந்தெலியோடு இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொல், மறந்துவிடாதே: மனோலி, ஸ்தெல்யானி.

உன் அப்பா,
யெராசிமோஸ்