ஓரத்தில் நின்றவர்களைப் பார்க்காத அப்பாவுக்கு

என் தங்கமான அப்பா,

உங்களைத் திட்டுவதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கூப்பிடும்போதே தங்கமான அப்பா என்று வந்துவிட்டது. சரி, இருக்கட்டும். நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இந்த இரண்டு மாதமாகத்தான் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வெண்ணந்தூரில் அம்மா சௌக்கியம். முழங்கால் வலி மட்டும்தான். தம்பி சரவணன் இன்னும் ரிக் வண்டிதான் ஓட்டுகிறான், இப்போது மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். உங்கள் பேத்தி கீர்த்தனாவுக்குச் சேலத்தில் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து அவளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பையனை எங்கள் எல்லோருக்கும் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது. அங்கேதான் அப்பா நான் மாட்டிக்கொண்டேன்.

நாற்பதைத் தாண்டியதும் எனக்கு எழுத்து மங்க ஆரம்பித்தது. செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போன இடத்தில் ரோட்டோரக் கடையில் ஒரு ரெடிமேட் கண்ணாடி வாங்கினேன். கடைக்காரர் பேப்பரைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, "இதுல தெரியுதுங்களா? சரி, இதுல?" என்று கேட்டார். தெரிந்ததை வாங்கிக்கொண்டு துவரம்பருப்போடு சேர்த்துப் பையில் போட்டேன். ஏழு வருடத்தில் அப்படி மூன்று கண்ணாடி. நம் மாட்டுக்குத் தவறாமல் ஊசி போடுகிறோம், கோழிப்பண்ணைக்கு டாக்டர் வந்து போகிறார். என் கண்ணை மட்டும் ஒருத்தரும் பார்த்ததில்லை. நானும் காட்டவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனதுகூடக் கண்ணுக்காக இல்லை, அழகுக்காக. "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றப்ப இந்தக் கண்ணாடியோட நிக்காதம்மா, நல்ல ஃபிரேமா மாத்திக்க" என்று கீர்த்தனா என்னைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உள்ளே கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்து ஏதோ அளந்தார்கள். டாக்டர் வெளிச்சம் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார். இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்.

இருட்டு அறையில் ஒரு மிஷின். பெரிய கிண்ணம் மாதிரி இருக்கும், அதற்குள் முகத்தை வைத்துத் தாடையை ஊன்றிக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். முதலில் நன்றாகத்தான் அமுக்கினேன். அப்புறம் வெளிச்சமே வரவில்லை. காத்திருந்தேன். தலையை அசைக்கக் கூடாது, கண்ணைத் திருப்பக் கூடாது.

"மிஷின் நின்னுபோச்சாட்டம் இருக்குதுங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள். "இல்லீங்கக்கா. லைட் வந்துட்டேதான் இருக்குதுங்க."

அந்த நிமிஷத்திலிருந்து நான் இன்னும் அந்தக் கிண்ணத்தைவிட்டு வெளியே வரவில்லை அப்பா.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறதாம், கிளாக்கோமா என்று பெயர். வலிக்காது, சிவக்காது. நேரே பார்ப்பது கடைசிவரை நன்றாக இருக்கும், ஓரங்கள்தான் முதலில் போகும். எனக்கு இடது பக்கம் நிறையப் போய்விட்டது. "போன பார்வை திரும்பாதுங்க. மிச்சம் இருக்கறதச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம், ஒருநாள் கூட விடக் கூடாது. வருசம் ஒருக்கா காட்டியிருந்தீங்கன்னா முன்னாடியே புடிச்சிருக்கலாங்க" என்றார் டாக்டர். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்குக் கடைசியில கண்ணே தெரியலீங்க. ஆனா அது வயசானதாலங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க கூடப்பொறந்தவங்க, உங்க பிள்ளைங்க எல்லாரும் ஒருதடவை செக் பண்ணிக்கணுங்க. இது குடும்பத்துல வரக்கூடியது."

நேராக பஸ் ஏறி அம்மாவிடம்தான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்.

"உங்கப்பனுக்கும் இதேதான் சாமி. உன்ற கல்யாணத்துக்கு முந்தின வருசமே சேலத்துல பாத்துச் சொல்லிட்டாங்க. புள்ளைங்களையும் கூட்டியாரச் சொன்னாங்க. கண்ணு போற குடும்பம்னு பேராயிட்டா எவன் பொண்ணெடுப்பான், அவ கல்யாணம் முடியட்டும்னாரு. முடிஞ்சுது. பொறவு தம்பி கல்யாணம் முடியட்டும்னாரு. அதுவும் முடிஞ்சுது. அதுக்குள்ள சொல்லாமயே பழகிப்போச்சு."

சொட்டு மருந்தை மோட்டார் ரூமில் ஒளித்து வைத்திருந்தீர்களாமே. யாராவது பார்த்துவிட்டால் கேட்பார்கள் என்று. வெயிலில் கிடந்து அது கெட்டுப்போனதும் அதோடு விட்டுவிட்டீர்களாம்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. செங்கோடன் பெரியப்பா சந்தையில் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தார், நீங்கள் கண்டுகொள்ளாமல் நடந்துவிட்டீர்கள். "நாலு ஏக்கரு எச்சா வாங்கிட்டாப்ல, இப்ப பங்காளி கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கறான்" என்று ஊரெல்லாம் சொன்னார். சாகும்வரை நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உங்களுக்குத் தலைக்கனம் என்று பேரே வந்துவிட்டது. நான் போய்ச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "இருந்துட்டுப் போகட்டும் சாமி" என்றீர்கள். திமிர் பிடித்தவன் என்று பெயரெடுத்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வருவான், கண் தெரியாதவன் என்றால் வர மாட்டான். அதைத்தானே கணக்குப் போட்டீர்கள்?

என் கல்யாண மேடையில் நான் உங்களுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். என் முகம் உங்களுக்குத் தெரிந்ததா அப்பா?

உங்களை நினைத்து அன்றைக்கு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்காகத்தான் மறைத்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போதே சொல்லியிருந்தால் வருடாவருடம் காட்டியிருப்பேனே. கல்யாணத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டீர்களே.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல மனுஷர், பாதிச் சோற்றில் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மருந்தைத் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். கீர்த்தனாவைக் கூட்டிப்போக வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது.

"சம்பந்தம் தெகையற நேரத்துல எதுக்கு இது? நிச்சயம் முடியட்டும். பொறவு காட்டிக்கலாம்."

நீங்கள் பேசுவது மாதிரியே இருந்தது. தம்பிக்குப் போன் போட்டேன். "வண்டி ஓட்டறவன் கண்ணுல கோளாறுன்னு எழுதிட்டா என்ற பொழப்பு என்னாவறதுக்கா" என்று வைத்துவிட்டான். சொன்னால் மகளின் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் நீங்கள் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்கிறேன். இரண்டு மாதம் இந்தச் சந்தில் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல் நின்றேன். மருந்தைக் கீர்த்தனாவுக்குத் தெரியாமல் மிக்ஸிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உங்கள் மகள்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பேச்செல்லாம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா பேசிக்கொண்டே சமையலறைக்குள் வந்து நின்று, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார். "உங்க ஊட்டுல யாருக்காச்சும் சக்கரை, பிரஷருன்னு உண்டுங்களா?"

இல்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"சக்கரை இல்லீங்க. எனக்குக் கண்ணு நரம்புல கோளாறு இருக்குதுங்க. எங்கப்பாவுக்கும் இருந்துச்சுங்க. பொண்ணுக்கு இனிமேத்தான் பாக்கோணும்."

அவர் காப்பி டம்ளரை மேடையில் வைத்தார். "அப்படிங்களா" என்றார். போகும்போது, "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றோங்க" என்றார். அவ்வளவுதான், ஐந்து நாளாகப் போன் இல்லை. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்.

ஆனாலும் அந்தம்மா சமையலறையைவிட்டுப் போனதும் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. உங்களால் முடியாததைச் செய்துவிட்டேன் என்று ஒரு பெருமைகூட வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. தண்ணீர் எடுக்கத் திரும்பினால் ஃபிரிட்ஜ் பக்கத்தில் கீர்த்தனா நிற்கிறாள். என் இடது பக்கம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் நின்றிருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

"ரெண்டு மாசமாத் தெரியும் உனக்கு" என்றாள். சத்தம் போடவில்லை. "அவங்க கேட்டதும் அவங்ககிட்டச் சொல்ற. எங்கிட்ட எப்பம்மா சொல்லலாம்னு இருந்த?"

"கல்யாணம் நின்னுபோயிருமோன்னுதான் சாமி."

"கல்யாணத்துக்கு முன்னாடி அது என்ற கண்ணும்மா."

மாப்பிள்ளை வீட்டுக்கு உண்மையைச் சொன்னவள், பெற்ற மகளுக்குக் கடைசியில்தான் சொன்னேன். அதுவும் சொல்லவில்லை, அவளாகக் கேட்டுக்கொண்டாள். உங்களைத் திட்ட உட்கார்ந்தவளுக்குத் திட்டுவதற்கு இப்போது என்ன யோக்கியதை இருக்கிறது?

நேற்றுக் காலை அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நாளைக்கு நேரம் வாங்கிவிட்டாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வா. ஆனா உள்ள நான் மட்டும் போறேன். டாக்டரு என்ன சொன்னாலும் மொதல்ல நான் கேட்டுக்கறேன்" என்றாள். சரி என்றேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. நாளைக்கு அவள் அந்த இருட்டு அறையில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நர்ஸிடம் போய்த் துருவ மாட்டேன், கதவை எட்டிப் பார்க்க மாட்டேன். வெளியே வந்து அவள் எதைச் சொன்னாலும், அதை ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். அவள் நல்லதுக்கு என்று சொல்லி ஒரு வார்த்தையைக்கூட இனி நான் ஒளித்து வைக்க மாட்டேன்.

உங்கள் மேல் பாதிக் கோபமும் என் மேல் பாதிக் கோபமுமாக,
உங்கள் மகள், கீர்த்தனாவின் அம்மா
சாந்தாமணி