பதினான்காவது பேட்டி

மார்ச் 4, செவ்வாய்

பேட்டிகளைத் தட்டச்சு செய்து முடித்தாயிற்று. பதினான்கு செவிலியர்கள், இருநூற்றுப் பதினொரு பக்கம். மருந்து கொடுப்பதில் தவறு நேர்ந்தால் அதை ஏன் மேலே சொல்வதில்லை என்பதுதான் என் ஆய்வு. மூன்று வருஷமாக நான் இதையே சொல்லிச் சொல்லி, அக்கா மகள்கூட மனப்பாடமாக ஒப்பிக்கிறாள்.

நெறியாளர் வெள்ளிக்கிழமைக்குள் சுருக்கம் வேண்டும் என்கிறார். அவருக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்லிவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

பதின்மூன்றைச் சுருக்கிவிட்டேன். பதினான்காவது மட்டும் முப்பத்தோரு பக்கம். கண் எரிகிறது. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். எங்கள் துறையில் அவனுக்குக் குறுக்குவழி என்று பெயர். "ஏஐகிட்ட குடு, அஞ்சு நிமிஷத்துல பிழிஞ்சு குடுத்துடும்" என்றான்.

பல்கலைக்கழகம் அனுமதித்த கருவிக்குப் படிவம் எழுதிப்போட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதனால் செல்போனில் இருக்கும் இலவச ஏஐயிலேயே போட்டேன். பெயரை எடுத்துவிட்டுத்தான் போட்டேன். சுருக்கம் நன்றாகவே வந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 7, வெள்ளி

நெறியாளருக்குத் திருப்தி. பதினான்காவதுதான் என் மூன்றாம் இயலின் முதுகெலும்பு என்றார். உண்மைதான். பதின்மூன்று பேர் தவறை மறைத்தவர்கள். உடனே போய்ச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மார்ச் 10, திங்கள்

நூலக அரங்கில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கட்டாய வகுப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவலாம் என்றுதான் போனேன். நூலகர் அம்மா நிதானமாகப் பேசினார். நம்மை நம்பி ஒருவர் சொன்னதை வெளிக் கருவியில் போட நமக்கு உரிமை இல்லையாம். பெயரை எடுத்தால் மட்டும் போதாதாம்.

அறைக்குத் திரும்பிப் பதினான்காவதை எடுத்துப் புரட்டினேன். அந்த முப்பத்தோரு பக்கத்தில் என்னவெல்லாம் இருக்கிறது? குழந்தைகள் வார்டு. இரண்டாம் மாடி. முன்பு ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தது. அந்த ஆஸ்பத்திரியில் யார் படித்தாலும் இன்னார் என்று விரலை நீட்டிவிடுவார்கள். ஒப்புதல் படிவத்தில் நானே எழுதியிருக்கிறேன் — இந்தப் பதிவு பல்கலைக்கழகக் கணினியை விட்டு வெளியே போகாது. கீழே என் கையெழுத்து.

மார்ச் 11, செவ்வாய்

உரையாடலை அழித்தேன். என் பக்கம் அழிந்துவிட்டது. அந்தப் பக்கம்? 'உங்கள் உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்' என்ற பொத்தான் இத்தனை நாளும் ஆன் செய்தபடியே இருந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

குறுக்குவழியிடம் சொன்னேன். யாருக்குத் தெரியப்போகிறது, விடு என்றான். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. அதுதான் அசிங்கம்.

மார்ச் 13, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 15, சனி

மூன்றாம் இயலில் ஒரு வரி எழுதினேன்: 'ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடுவதே மறைக்கும் பழக்கமாகிவிடுகிறது.' எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏன்டி, நீ யாரைப் பத்தி எழுதுறே? ஊர்ல இருக்கிற நர்ஸையெல்லாம் ஏன் சொல்லலே, ஏன் சொல்லலேன்னு துருவித் துருவிக் கேட்டியே, நீ என்ன பண்ணிட்டிருக்கே?

கணினியை மூடிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

நெறியாளரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"முதல்ல அந்தம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லு. நெறிமுறைக் குழுவுக்கு அப்புறம் எழுதலாம். அவங்க பேட்டியை எடுத்துடச் சொன்னா எடுத்துடணும். பேரம் பேசக் கூடாது."

எடுத்தால் இயலே விழுந்துவிடும். ஜூனில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

மதியம் இரண்டு மணி, ஆஸ்பத்திரி கேன்டீன். பதினான்காவது செவிலியர் பணி முடிந்து சீருடையோடேயே வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். டீயைக் கலக்கிக்கொண்டே கேட்டார். எப்போது நடந்தது என்றார். ஆறாம் தேதி என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"பன்னெண்டு நாள். அன்னிக்கு டோஸ் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சதும் டாக்டரைக் கூப்பிட எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

நாலு நிமிஷம். தட்டச்சு செய்ததே நான்தானே.

"அந்த நாலு நிமிஷத்தைப் பத்தி என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்லை, மேடம்."

என்னிடம் மட்டும் சொன்னார். நான் அதை யாரென்றே தெரியாத ஒன்றின் வாயில் போட்டேன்.

எடுத்துவிடச் சொன்னார். ஜூன் மாதத்தைப் பற்றிச் சொல்லிக் கெஞ்ச நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். விலகல் படிவத்தை நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டீயைக் குடிக்காமலே போனார். வரும் வழியெல்லாம் அழுதேன், பேருந்தில் எல்லோரும் பார்க்கப் பார்க்க.

ஏப்ரல் 2, புதன்

நெறிமுறைக் குழு கூப்பிட்டு விசாரித்தது. ஆறு மாதம் தள்ளிக் கொடுக்க வேண்டும். நடந்ததை ஆய்வேட்டிலேயே எழுத வேண்டும். இனி எந்தக் கருவியில் எதைப் போட்டோம் என்று துறையில் எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். குறுக்குவழி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

சொல்லாமல் இருந்திருந்தால் ஜூனில் முடிந்திருக்குமே என்றாள் அக்கா. முடிந்திருக்கும்தான்.

ஜூன் 20, வெள்ளி

இன்று கொடுத்திருக்க வேண்டிய நாள். மூன்றாம் இயலை மறுபடி முதலிலிருந்து எழுதுகிறேன். பதின்மூன்று பேரும் மறைத்தவர்கள். சொன்னவர் ஒருவரும் இல்லாமல், சொல்வது எப்படி என்று எதை வைத்து எழுதுவது?

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் பெண்ணாம். போன மாதம் ஊசி மருந்தில் ஒரு தவறு செய்து, உடனே போய்ச் சொன்னாளாம். அதைப் பற்றி என்னிடம் பேசலாமா என்று கேட்டாள். என் எண் எப்படிக் கிடைத்தது என்றேன்.

"எங்க சீனியர் சிஸ்டர் குடுத்தாங்க. அந்த மேடம்கிட்ட பேசு, அவங்க தப்பு பண்ணினா வந்து சொல்லிடுவாங்க, கொஞ்சம் லேட்டா சொல்லுவாங்கன்னாங்க."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வியாழன் மூன்று மணிக்குப் போகிறேன்.