மூடியின் மேல் கை

13.6.1999, ஞாயிறு

ஜன்னலைச் சாத்தியே வைத்தாலும் ராயபுரத்தில் துறைமுகத்துக் கரித்தூள் உள்ளே வந்துவிடுகிறது. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். அதனால்தான் ரிகார்டு பிளேயரின் பிளாஸ்டிக் மூடியைத் திறக்காமலே பாட்டுக் கேட்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் அன்பரசன் போட்ட சட்டம். கல்யாணத்துக்கு முன்பே ஆசையாக வாங்கிய பெட்டி. ஊசியை வைத்து, மூடியைச் சாத்தி, நாற்காலியை ஒட்டிப் போட்டு, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

இன்று தட்டு சுற்றுவதைப் பார்க்கலாமென்று மூடியைத் தூக்கினேன். "கரி வுழும்" என்று சாத்திவிட்டார். கோபமில்லை. ஆனால் மூடி மேலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. நான் தொடக்கூடாதா?

17.6.1999

குழம்புக்குப் புளி போதுமா என்று சமையலறையிலிருந்து இரண்டு முறை கேட்டேன். பதில் இல்லை.

26.6.1999, சனி

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் இன்று அரை நாள். ஊசி மாற்ற வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். ரேடியோ ரிப்பேர் செய்யும் ரஷீது பாயிடம் மூடியைப் பற்றிக் கேட்டேன். "பாட்டு முடிஞ்சா மூடும்மா, தூசி வுழாது. பாடிக்கினு இருக்கும்போது தொறந்து வை. ஸ்பீக்கர் பக்கத்துலயே கீதுல்ல, மூடி அதிரும். அது ஊசிக்குப் போவும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்பரசன் தலையாட்டினார், சிரிக்கவும் செய்தார். சாயங்காலம் மறுபடி மூடி, மறுபடி கை.

அப்போ தலையாட்டினது எதுக்கு? நான் பேசுவது எதுவுமே பொருட்டில்லையா? பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு. பேசாத மாப்பிள்ளை தங்கம் என்றாள் அம்மா. இஷ்டமில்லாமல் தாலி கட்டினாரோ - யாரிடம் கேட்பது?

4.7.1999, ஞாயிறு

மூடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். ஆமாம், வீம்புதான். தட்டைப் போட்டு, ஊசியையும் நானே வைத்தேன். கீழ் வீட்டு ஐரீன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

குளித்துவிட்டு வந்தவர் வெறும் பெட்டியைப் பார்த்தார். கை வழக்கம்போல நீண்டது, வைக்க இடமில்லாமல் நின்றது. என்னைப் பார்த்தார்.

"பாட்டு ஆரம்பிச்சிட்டாங்களா?"

தட்டில் பாடுகிற அம்மாள் இரண்டாவது சரணத்தில் இருந்தாள்.

கேலி செய்கிறார் என்று நினைத்து, விடுவிடுவென்று மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். துணி எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் முகம் திரும்ப ஞாபகம் வந்தது. அதில் கேலி இல்லை.

5.7.1999

ஷிப்டு முடிந்து வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையும் பெயர் சொன்னதில்லை. திரும்பவில்லை. இன்னும் உரக்க. திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

எதிரே போய் உட்கார்ந்து, காது கேட்கவில்லையா என்றேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நாளாக இப்படி உதட்டைப் பார்க்கிறார்? நான் அதை வேறு என்னவோ என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

பிறகு சொன்னார். திருவொற்றியூர் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலை. அந்தச் சத்தத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்றாம். தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. யாரும் பெண் தரமாட்டார்கள் என்று எங்களிடமும் சொல்லவில்லை.

"மூடி மேல கை வச்சா பாட்டு கைக்கு வருது. மீதிய நானே பாடிக்குவேன், உள்ள. எல்லாம் முன்ன கேட்ட பாட்டுதான, செங்கொடி."

7.7.1999

ஏமாத்திட்டாரு. அதுவும் உண்மைதானே. அழுகிறது அதற்கா, அவருக்கா? தெரியல.

18.7.1999, ஞாயிறு

அம்மா வியாசர்பாடியிலிருந்து வந்தாள். ஏன் இப்படிக் கத்திப் பேசுகிறாய் என்றாள். சொல்ல வாயெடுத்து, காப்பி போட எழுந்துவிட்டேன். அவரைக் காப்பாற்றுகிறேனா, என் கௌரவத்தையா?

போன வாரம் அவரைப் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். போனது திரும்பாது, மிச்சத்துக்குக் காதில் மெஷின் வைக்கலாம் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்கிறார், நாலு பேர் பார்ப்பார்களாம். மூடியைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினேன்.

7.8.1999, சனி

ஆடித் தள்ளுபடி, வண்ணாரப்பேட்டையில் நிற்க இடமில்லை. ஜன்னலுக்குத் திரை எடுக்கப் போனோம். கடைக்காரர் கத்தரிக்கோலோடு ஏதோ கேட்டார். இவர் தலையாட்டினார். அளவு தப்பாகப் போகிறதே என்று இவருக்குப் பதிலாக நான் வாய் திறந்தேன்.

என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குக் காது சரியா கேக்காது நைனா. மூஞ்சிய இப்டி காட்டி, மெதுவா சொல்லு."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. கடைக்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கொஞ்சம் குனிந்து, முதலிலிருந்து சொன்னார். இவர் கேட்டுவிட்டு, இன்னும் ஒரு சாண் நீளமாக வெட்டச் சொன்னார்.

நீலத் துணி. நாளைக்குத் தைக்கக் கொடுக்க வேண்டும்.